சுவரில் பொருத்தும் விசிறி ஹீட்டர்: வடிவமைப்பு குறித்த கேள்விகளும் பதில்களும்

மதுரையை அடுத்த கப்பலூரில் உள்ள எங்கள் பட்டறையில், கொடைக்கானல், மேகமலை போன்ற மலைப்பகுதிகளின் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் சுவரில் பொருத்தும் விசிறி ஹீட்டர்களைச் செய்து கொடுத்து வருகிறோம். அவற்றின் வடிவமைப்பைப் பற்றிப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி (மதுரை, பாலிடெக்னிக் மாணவர்): ஐயா, இறுதியாண்டுச் செயல்திட்டமாக 2 கிலோவாட் சுவர் ஹீட்டர் ஒன்றைச் செய்யவிருக்கிறோம். சூடேறும் கம்பிச் சுருளான காயிலை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற விசிறியைத் தேடுவதா, விசிறியை முதலில் வாங்குவதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் காற்றை முடிவு செய்யுங்கள். எத்தனை வாட் என்பதைப் பெட்டியின் மேல் எழுதிவிடலாம். அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போகப்போவது காற்றுதான் என்பதால், எவ்வளவு காற்று, எத்தனை டிகிரி சூடாகி வெளியே வர வேண்டும் என்ற கணக்கே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 30 டிகிரி கூடுதலாக இருந்தால் போதும் என்பது என் கருத்து. அதைவிடக் குறைந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் வெறும் காற்று வீசுவதுபோல் இருக்கும். மிகவும் கூடினால் கிரில் கையைச் சுடும், காற்றும் நேரே கூரைக்கு ஏறிவிடும்.

ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க 1005 ஜூல் தேவை. எனவே 2000 வாட்டை 30 டிகிரி உயர்வில் எடுத்துச் செல்ல நொடிக்கு 0.066 கிலோ காற்று ஓட வேண்டும். மதுரையில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.15 கிலோ என்பதால், இது மணிக்குச் சுமார் 207 கனமீட்டர், கடைக்காரர் கணக்கில் 120 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 120 கன அடி) ஆகும். விசிறியின் மேல் ஒட்டியிருக்கும் எண் தடையே இல்லாத திறந்த வெளியில் அளந்தது. காயில், மைக்காத் தகடு, முன்பக்கக் கிரில், தூசி வலை ஆகியவற்றைத் தாண்டும்போது அது கணிசமாகக் குறையும். ஆகவே 120 வேண்டுமென்றால் 180 என்று எழுதிய விசிறியைத் தேடுங்கள். நீளமான உருளை வடிவில் வரும் குறுக்கோட்ட விசிறி அகலமான மெல்லிய படலமாகக் காற்றைத் தள்ளுவதால் சுவர் ஹீட்டருக்குப் பொருத்தமானது. ஆனால் அதற்குத் தடையைத் தாங்கும் வலு குறைவு என்பதால், கிரிலை அலங்காரத்துக்காக அடைத்துவிடக் கூடாது.

கேள்வி (அதே மாணவர்): நிக்கல்-குரோமியம் கலவையான நிக்ரோம் கம்பியின் கேஜையும் (தடிமன் எண்) நீளத்தையும் எப்படிக் கணக்கிடுவது, ஐயா?

பதில்: 2 கிலோவாட்டை ஒரே காயிலில் வைக்காமல் தலா 1 கிலோவாட் உள்ள இரண்டு காயில்களாகப் பிரியுங்கள், பாதிச் சூட்டில் ஓட்டவும் வசதியாக இருக்கும். 230 வோல்ட்டில் 1000 வாட்டுக்குத் தேவையான மின்தடை 52.9 ஓம். 80-க்கு 20 விகித நிக்ரோமில் 25 கேஜ் கம்பியின் விட்டம் 0.508 மி.மீ.; அதில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 5.4 ஓம் வருவதால், ஒரு காயிலுக்குச் சற்றுக் குறைய 10 மீட்டர் தேவைப்படும்.

இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். அடுத்து வரும் கணக்குதான் முக்கியம். அந்தக் கம்பியின் மேற்பரப்பு சுமார் 157 சதுர சென்டிமீட்டர்; 1000 வாட்டை அதனால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 6.4 வாட். விசிறிக் காற்றில் நிற்கும் திறந்த காயிலுக்கு இது நிதானமான அளவு. 2000 வாட்டையும் ஒரே காயிலாக அதே 25 கேஜில் சுற்றினால் நீளம் பாதியாகி, வாட் இரட்டிப்பாகி, இந்த எண் 25-ஐத் தாண்டும். மின்தடைக் கணக்கு சரியாகவே வந்திருக்கும், ஆனால் காயில் நீடிக்காது.

செய்து முடித்தபின் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கிரிலுக்குள் பாருங்கள். காயில் முழுவதும் கறுப்பாகவோ, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கலாகவோ தெரிய வேண்டும். பெரும்பாலும் மோட்டார் இருக்கும் பக்கத்து ஓரத்தில் இரண்டு மூன்று சுற்றுகள் மட்டும் சிவப்பாக ஒளிரும். அந்த இடத்துக்குக் காற்று போகவில்லை என்று பொருள். காற்றைத் திருப்பும் ஒரு சிறிய தகட்டை வளைத்து வைத்தோ, காயிலை அந்த ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளியோ அதைச் சரிசெய்த பிறகே பெட்டியை மூடுங்கள்.

கேள்வி (வத்தலக்குண்டு, எலக்ட்ரீஷியன்): கீழே சோதித்தபோது கறுப்பாக இருந்த காயில், கொடைக்கானலில் மாட்டியதும் இலேசாகச் சிவக்கிறது. வோல்டேஜ் சரியாகத்தான் இருக்கிறது. அங்கே குளிர் அதிகம் என்பதால் சூடு குறையத்தானே வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி, மலைக்குச் செய்யும் ஹீட்டர்களில் எல்லோரும் கவனிக்க வேண்டியது இது. கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 20 டிகிரி உள்ள அறையில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 0.93 கிலோதான் இருக்கும். விசிறி ஒரு நிமிடத்தில் தள்ளும் கன அளவு கீழே இருந்ததைப் போலவே இருந்தாலும், அதில் உள்ள காற்றின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எனவே 30 டிகிரியாக இருந்த உயர்வு 37 டிகிரி ஆகிறது. மதுரையில் 30 டிகிரி காற்று 60 டிகிரியாக வெளியே வந்தது. அங்கே 20 டிகிரி காற்று 57 டிகிரியாக வருகிறது. கையை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது என்பதால்தான் இது பலரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆனால் மெல்லிய காற்று கம்பியிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும் திறன் குறைந்தது. அதே வாட்டை வெளியேற்றக் கம்பி முன்பைவிடச் சூடாக வேண்டியிருக்கிறது.

மலைக்குப் போகும் ஹீட்டரை 120-க்குப் பதில் 150 சி.எஃப்.எம். உண்மையாகக் கிடைக்கும்படி வடிவமையுங்கள். ஏற்கெனவே மாட்டியதில் விசிறியை மாற்ற இயலாவிட்டால், காயிலைச் சற்று நீளமாக்கி 1600 வாட்டுக்கு இறக்குவது நேர்மையான தீர்வு.

கேள்வி (பூம்பாறை, வீட்டுத் தங்கல் நடத்துபவர்): 12 அடிக்கு 10 அடி அறை, 9 அடி உயரம். தகரக் கூரை. 1 கிலோவாட் ஹீட்டர் போதும் என்று ஒருவரும், 3 கிலோவாட் வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: அறையின் நீள அகலத்தை மட்டும் வைத்து யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, அம்மா. வெளியே 8 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கம் வெளிச்சுவர், 9 அங்குலச் செங்கல், ஒரு ஜன்னல், கதவு இடுக்கில் வழக்கமான கசிவு ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 600 வாட் போகும். மீதி எல்லாம் கூரையைப் பொறுத்தது. வெறும் தகரமாக இருந்தால் அது ஒன்றே 900 வாட்டுக்கு மேல் குடிக்கும்; கீழே மரப்பலகையிலோ ஜிப்சம் பலகையிலோ உட்கூரை அடித்திருந்தால் அது 300 வாட்டாகக் குறையும். அதாவது மொத்தம் 1500 வாட், அல்லது 900 வாட். குளிர்ந்து கிடக்கும் அறையை விரைவில் சூடாக்கச் சற்றுக் கூடுதல் வேண்டும் என்பதால் முதல் நிலைக்கு 2 கிலோவாட்டும், இரண்டாவதற்கு 1.5 கிலோவாட்டும் சரியாக இருக்கும். உட்கூரைக்கு ஆகும் செலவை முதலில் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. மின்கட்டணத்தில் அது ஆண்டுதோறும் திரும்பி வரும். கதவின் அடி இடுக்குக்கு ஒரு ரப்பர் பட்டையும் போடுங்கள்.

கேள்வி (கொடைக்கானல், விடுதி மேலாளர்): 10 அறைகளுக்கும் தலா 2 கிலோவாட் பொருத்த வேண்டும். மாலையில் வோல்டேஜ் 190 வரை இறங்குகிறது. ஸ்டெபிலைசர் தேவையா?

பதில்: ஹீட்டருக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம். 190 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் 1365 வாட்தான் தரும். அறை மெதுவாகச் சூடாகும், ஆபத்து இல்லை. அதைவிட, நள்ளிரவுக்குப் பின் 250 வோல்ட் ஏறினால் 2360 வாட் ஆகும் என்பதை மனத்தில் வைத்து வயரையும், சூடு மிகும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் மொத்தப் பளுவில் இருக்கிறது. பத்து அறைகளும் ஒன்றாக ஓடினால் 20 கிலோவாட். ஒரே ஃபேஸில் 87 ஆம்பியர், மூன்று ஃபேஸாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 29 ஆம்பியர். மின்வாரியத்தில் அனுமதி பெற்ற பளுவைப் பார்த்துவிட்டு, அறைகளை மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு அறைக்கும் 16 ஆம்பியர் சாக்கெட் அல்லது நேரடி இணைப்பு, 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்பு வயர், மின்னோட்டம் மிகுந்தால் விழும் தனி எம்.சி.பி., மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., முறையான எர்த் ஆகிய ஐந்தில் எதையும் குறைக்க வேண்டாம். 6 ஆம்பியர் சாக்கெட்டில் 2 கிலோவாட்டைச் செருகினால் முதலில் கருகுவது பிளக்கின் பின்தான்.

கேள்வி (அதே மேலாளர்): ஓர் அறையில் கட்-அவுட் அடிக்கடி விழுகிறது. எங்கள் ஊழியர் அதை ஷார்ட் செய்துவிட்டால் தொல்லை இருக்காது என்கிறார்.

பதில்: தயவுசெய்து எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்ய விடாதீர்கள். தூங்குபவர்கள் இருக்கும் அறை அது. விசிறி மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் எண்ணெய் காய்ந்து நின்றுவிட்டால், ஓட்டமில்லாத காற்றில் காயில் செக்கச்செவேலென்று எரியும். அதைத் தடுக்க அந்தச் சிறிய வட்டமான கட்-அவுட்டை விட்டால் வேறு எதுவும் இல்லை. நாங்கள் மூன்று அடுக்காக வைக்கிறோம்: அறைச் சூட்டைப் பார்க்கும் தெர்மோஸ்டாட், காயிலுக்கு மேலே கட்-அவுட், அதுவும் ஒட்டிக்கொண்டால் ஒரே ஒரு முறை உருகி நிரந்தரமாகத் துண்டிக்கும் வெப்ப ஃப்யூஸ். கட்-அவுட் தானாக மீண்டும் இணைந்து இணைந்து ஓடும் வகையைவிட, ஒருமுறை விழுந்தால் ஸ்விட்சை அணைத்துப் போடும்வரை விழுந்தே இருக்கும் வகையையே நான் விரும்புகிறேன். ஒரு குறை இருக்கிறது என்பது அப்போதுதான் ஒருவருக்குத் தெரியவரும்.

அந்த அறையில் முதலில் பின்பக்கக் காற்று வாயைப் பாருங்கள். கம்பளியின் பஞ்சு அங்கே படலமாகப் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். மெல்லிய தூரிகையால் எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தளர்வாகச் சுற்றாவிட்டால் மோட்டாரை மாற்றிவிடுங்கள். சில விருந்தினர்கள் ஈரத் துண்டை ஹீட்டரின் மேல் காயப்போடுவதும் உண்டு. விடுதிகளுக்கு நிக்ரோமைவிட பி.டி.சி. என்னும் பீங்கான் வகை நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். பேரியம் டைட்டனேட்டால் ஆன அந்தக் கற்கள் ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் மின்தடையை மளமளவென்று கூட்டிக்கொள்வதால், காற்று அடைபட்டால் வாட் தானாகவே இறங்கிவிடும். விலை கூடுதல்தான்; அதற்கும் கட்-அவுட் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (மேகமலை, தேயிலைத் தோட்ட பங்களாவைப் பராமரிப்பவர்): சுவர் முழுக்க மரப்பலகை. எங்கே, எவ்வளவு உயரத்தில் பொருத்தலாம்?

பதில்: அறையைச் சூடாக்கத் தரையிலிருந்து ஓர் அடி உயரமே சிறந்தது, சூடான காற்று தானாக மேலேறும். குழந்தைகள் இருந்தால் 6 அடிக்கு மேல் வைத்து, வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, விசிறியைச் சற்று வேகமாக்குங்கள். மரத்துக்கும் ஹீட்டருக்கும் நடுவே சிமென்ட் பலகை ஒன்றை அடித்து, அதன் மேல் ஓர் அங்குல இடைவெளி விட்டு மாட்டுங்கள். திரைச்சீலை, கட்டில், அலமாரி எதுவும் வாய்க்கு எதிரே ஒரு மீட்டருக்குள் வரக் கூடாது. தெர்மோஸ்டாட்டின் உணரியைக் காற்று உள்ளே நுழையும் பக்கம் வையுங்கள். வெளியேறும் பக்கம் வைத்தால் அறை குளிர்ந்திருக்கும்போதே அது அணைந்துவிடும். அணைத்த பிறகும் விசிறி இரண்டு நிமிடம் ஓடும்படி ஒரு டைமர் சேர்த்தால் காயிலின் மிச்சச் சூடு பெட்டிக்குள் தங்காது.

கேள்வி (திண்டுக்கல், இல்லத்தரசி): ஹீட்டர் அறையின் ஆக்சிஜனை எரித்துவிடும் என்கிறார்களே, உண்மையா? மூக்கு வறண்டுபோகிறதே?

பதில்: மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை என்பதால் ஆக்சிஜன் குறையாது. மூடிய அறையில் ஆக்சிஜனைக் குறைத்து, கார்பன் மோனாக்சைடையும் கொடுத்து உயிரையே வாங்கக் கூடியது கரியடுப்பு. அதைப் படுக்கையறையில் ஒருபோதும் வைக்காதீர்கள். மூக்கு வறள்வதற்குக் காரணம் வேறு. 10 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை அப்படியே 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் உள்ள நீராவி மாறாவிட்டாலும் ஈரப்பதம் 42 சதவீதமாக இறங்கும். தெர்மோஸ்டாட்டை 18 டிகிரிக்குக் குறைத்து வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

கேள்வி (சின்னாளபட்டி, சாயப்பட்டறை நடத்துபவர்): ஐப்பசி, கார்த்திகை மழையில் சுங்குடிச் சேலைகள் காய்வதில்லை. இதே ஹீட்டரை அறையில் மாட்டிக் காயவைக்கலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கக் குறைந்தது 0.67 யூனிட் மின்சாரம் தேவை. 2 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேல் உலர்த்தவே முடியாது. சுவரும் கூரையும் வாங்கிக்கொள்வது போக அதில் பாதி கிடைத்தால் நல்லது. எனவே துணியைச் சுழற்றிப் பிழியும் எந்திரத்தில் முதலில் போட்டு எடுங்கள். ஹீட்டர் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை அது மிகக் குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடும். அடுத்து, அறையை முழுவதும் மூடாமல் ஹீட்டருக்கு எதிர்ச்சுவரின் மேற்பக்கத்தில் ஒரு சிறிய எக்ஸாஸ்ட் விசிறி வையுங்கள். ஈரக்காற்று வெளியேறாவிட்டால் எவ்வளவு சூடேற்றினாலும் துணி புழுங்கத்தான் செய்யும். சேலையின் நுனி பறந்து வந்து கிரிலைத் தொடாதபடி கொடிக்கும் ஹீட்டருக்கும் நடுவே கம்பி வலை ஒன்றைக் கட்டாயம் போடுங்கள்.