திருத்திய நாணயங்கள்: சேகரிப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

அசல் நாணயத்தில் கைவைத்து, அரிய நாணயம் என்று விற்கும் மோசடி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க நாணயங்கள். அவற்றின் அடையாளங்கள் நன்றாகப் பதிவாகியிருப்பதுதான் காரணம். முறைகள் எந்த நாட்டு நாணயத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: சார், போலி நாணயம், திருத்திய நாணயம் இரண்டுமே ஏமாற்றுதானே? எதற்குப் பிரித்துப் பேசுகிறீர்கள்?

பிடிக்கும் வழி வேறு என்பதால்தான். போலி முழுக்கப் புதிதாகச் செய்தது. எடை, விட்டம், உலோகம் என்று எங்காவது இடிக்கும். திருத்தியதோ உண்மையான அச்சாலையில் அடித்த நாணயம். ஓர் எழுத்தையோ ஓர் இலக்கத்தையோ மட்டும் மாற்றியிருப்பார்கள். தராசில் வைத்தாலும் உலோகத்தைச் சோதித்தாலும் சரியாகவே இருக்கும். ஆகவே நாணயத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதற்கு விலை எதனால் வருகிறது?" என்பது. ஆண்டினாலா, அச்சாலைக் குறியினாலா (எந்த அச்சாலையில் அடித்தது என்று காட்டும் சிறு எழுத்து), இல்லாமல் போன ஏதோ ஒன்றினாலா? விடை எந்த இடத்தைக் காட்டுகிறதோ, லென்ஸ் முதலில் அங்கே போக வேண்டும்.

கேள்வி: 1909 எஸ் வி.டி.பி. லிங்கன் சென்ட் ஒன்று வாங்க நினைக்கிறேன். 'எஸ்' ஒட்டியதா என்று எப்படிப் பார்ப்பது?

வி.டி.பி. என்பது இந்த ஒரு சென்ட் நாணயத்தை வடித்த சிற்பியின் முதலெழுத்துகள், 1909இல் பின்புறத்தில் இருந்தன. இந்த நாணயத்தில் ஏன் இவ்வளவு மோசடி என்பதைக் கணக்கே சொல்லிவிடும். வி.டி.பி. எழுத்துகளோடு சான் பிரான்சிஸ்கோவில் 'எஸ்' குறி போட்டு அடித்தவை 4,84,000. அதே ஆண்டு அதே எழுத்துகளோடு பிலடெல்பியாவில் குறி இல்லாமல் அடித்தவை ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்ன எழுத்துதான். வேறொரு சென்ட்டிலிருந்து 'எஸ்'ஸைச் சீவி எடுத்து, ஆண்டுக்குக் கீழே ஒட்டிவிடுகிறார்கள்.

நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கின் வெளிச்சம் விழும்படி வையுங்கள். அச்சில் அடிபட்ட எழுத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து எழுந்ததுபோல் தளத்தோடு இழைந்து வளரும். ஒட்டிய எழுத்தின் அடியில் மெல்லிய கோடு சுற்றி ஓடும். பற்றுவைத்ததை மறைக்கச் சுற்றிலும் தேய்த்திருந்தால் அந்த வட்டம் மட்டும் நிறம் மாறித் தெரியும், அல்லது நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும். அடுத்து எழுத்தையே பாருங்கள். உண்மையான நாணயத்தில் 'எஸ்'ஸின் மேல் வளைவுக்குள் சிறு புள்ளி ஒன்று மேடாக இருக்கும். குறி அமர்ந்திருக்கும் இடங்களும் ஒரு சிலதான், ஏனென்றால் முகப்புக்குப் பயன்பட்ட அச்சுகள் நான்கே. அந்த நான்கில் எதோடும் ஒத்துப்போகாத 'எஸ்' வேறெங்கிருந்தோ வந்தது.

கேள்வி: ஒட்டாமலேயே எழுத்தை எழுப்புகிறார்களாமே?

ஆமாம், இது தெரியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எருமை நிக்கல் (எருமை உருவம் பொறித்த அமெரிக்க ஐந்து சென்ட்) போலக் கனமான நாணயத்தின் விளிம்பில் நுண்துளை போட்டு, உள்ளே கருவியை நுழைத்து, உலோகத்தை அடியிலிருந்து மேலே தள்ளி எழுத்து உண்டாக்குகிறார்கள். எழுத்து நாணயத்தின் சொந்த உலோகம் என்பதால் அடியில் ஒட்டிய கோடு இருக்காது. ஆகவே குறிக்கு மிக அருகில் இருக்கும் விளிம்பைப் பாருங்கள். துளையை அடைத்து மழுப்பிய தடம் அங்கே இருக்கும். முகப்பையும் பின்புறத்தையும் மட்டும் படம் போட்டு விற்பவரிடம் விளிம்பின் படத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: 1914 டி (டென்வர் அச்சாலை) சென்ட்டில் மட்டும் '9'க்கும் '1'க்கும் நடுவே இடைவெளி கூடுதலாக இருக்கிறதே, அது இயல்பா?

இல்லை. அது 1944 டி நாணயமாக இருந்திருக்கும். முதல் '4'ஐச் செதுக்கி '1' ஆக்கும்போது அந்த இடம் விரிந்துவிடுகிறது. இன்னும் உறுதியான சான்று லிங்கனின் தோளுக்குக் கீழே இருக்கிறது. சிற்பி விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகளான வி.டி.பி. 1918இல்தான் அந்த இடத்துக்கு வந்தன. 1914 நாணயத்தின் தோளில் அவை இருந்தால் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம். அவற்றையும் சுரண்டிவிடும் ஆட்கள் உண்டு. அப்போது அந்த இடம் வழவழவென்று இருக்கும்.

கேள்வி: 1943 செம்பு சென்ட் என்று ஒன்று வந்திருக்கிறது.

அந்த ஆண்டு சென்ட்டுகளை எஃகில்தான் அடித்தார்கள், தவறிச் செம்பில் வந்தவை மிகச் சிலவே. முதலில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் செம்பு முலாம் பூசிய எஃகு சென்ட். ஒட்டாவிட்டால் '3'ஐப் பாருங்கள், 1948இன் '8'ஐப் பாதி வெட்டியும் செய்கிறார்கள். உண்மையான 1943இல் '3'இன் வால் மற்ற இலக்கங்களைவிடக் கீழே இறங்கும். வெட்டிய '8'இல் அது வராது.

கேள்வி: 1937 டி மூன்றுகால் எருமை நிக்கலில் காலைச் சுரண்டினாலே போதுமே? எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா நாணயத்துக்கும் உதவும் விதி ஒன்று இங்கே இருக்கிறது. அச்சில் ஏற்பட்ட கீறல் நாணயத்தில் மேடாக வரும். நாணயத்தின் மேல் ஏற்பட்ட கீறல் பள்ளமாக இருக்கும்.

மூன்றுகால் எருமை பிறந்ததே டென்வர் அச்சாலையில் ஓர் அச்சை அளவுக்குமீறித் தேய்த்ததால்தான். முன்கால் அழிந்தது, குளம்பு மட்டும் தங்கியது. வயிற்றுக்குக் கீழே மேடான புள்ளிகள் வரிசையாக இறங்கும். பின்காலும் அரித்ததுபோல் மெலிந்திருக்கும். சுரண்டிய நாணயத்தில் இந்தப் புள்ளிகள் இருக்காது, கால் இருந்த இடம் குழிந்திருக்கும்.

கேள்வி: ஆண்டு, குறி எதையும் தொடாமல் நிலையை மட்டும் உயர்த்திக் காட்டுவதும் மோசடியா?

சொல்லாமல் விற்றால் மோசடிதான், சந்தேகமே வேண்டாம். கம்பித் தூரிகையைச் சுழலவிட்டுத் தேய்த்துப் பொய்ப் பளபளப்பு வரவைப்பது, தங்க நாணயத்தின் கீறல்களைப் பசை பூசி மறைப்பது, கந்தகத்தால் செயற்கை நிறம் ஏற்றுவது, நகையாக அணிய மாட்டிய கொக்கியின் தடத்தை அழிப்பது, துளையை அடைத்து அதன்மேல் எழுத்துகளை மறுபடி செதுக்குவது எல்லாம் இதில் வரும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது பழைய ரோமானிய வெண்கலக் காசுகளுக்கு நடப்பது. தேய்ந்துபோன முகத்தில் கண்ணையும் தலைமுடியையும் உளியால் புதிதாக வெட்டுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு தாங்கி வந்த ஒரு பொருள் அத்தோடு அழிந்தது, யாராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

உண்மையான பளபளப்பு, நாணயத்தை மெல்லச் சுழற்றும்போது நடுவிலிருந்து ஒளிக்கற்றையாகச் சுற்றிவரும். தூரிகைப் பளபளப்பு நகராது, அங்கங்கே மினுங்கிவிட்டு நின்றுவிடும்.

கேள்வி: நாணயத்தைச் சோதித்து, நிலையை மதிப்பிட்டு, எண் போட்ட பெட்டியில் அடைத்துத் தரும் கிரேடிங் நிறுவனத்தின் பெட்டிக்குள் இருந்தால் நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து தேடுங்கள். அங்கே படம் இருந்தால் கையிலிருக்கும் நாணயத்தின் ஒவ்வொரு கறையையும் கீறலையும் அதோடு ஒப்பிடுங்கள். எண் சரியாக இருந்தும் நாணயம் வேறாக இருக்கலாம்.

கேள்வி: அண்ணா, வாங்கிவிட்டேன். திருத்தியது என்று இப்போதுதான் தெரிகிறது. என்ன செய்யட்டும்?

தம்பி, முதலில் நாணயத்தை எதுவும் செய்யாதீர்கள். கழுவ வேண்டாம், அசிட்டோன் தடவ வேண்டாம், எழுத்தை நிமிண்டிப் பார்க்கவே வேண்டாம். உங்கள் கைபட்டதும் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று விற்றவர் சொல்ல வழி கிடைத்துவிடும்.

விளம்பரத்தின் படம், அவர் எழுதிய விவரம், ரசீது, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் இன்றைக்கே சேமித்துக்கொள்ளுங்கள், விளம்பரங்கள் சீக்கிரம் காணாமல் போகும். சந்தேகமான இடத்தை நெருக்கமாகப் படம் எடுங்கள். பிறகு விற்றவருக்குக் குற்றம் சாட்டாமல் எழுதுங்கள்: இந்த இடத்தில் இது தெரிகிறது, பணத்தைத் திருப்பித் தாருங்கள். அவரும் ஏமாந்து வாங்கியவராக இருக்கலாம். நேர்மையான வியாபாரி வாங்கிக்கொள்வார். மறுத்தால் கிரேடிங் நிறுவனத்தின் எழுத்துபூர்வமான முடிவைப் பெற்று, பணம் செலுத்திய வழியிலும் விற்பனைத் தளத்திலும் முறையிடுங்கள். இவற்றுக்கெல்லாம் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். தெரிந்தே ஏமாற்றினார் என்பதற்குச் சான்று இருந்தால் காவல்துறைக்குப் போவதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: பணம் திரும்பாவிட்டால், நானும் ஒன்றும் சொல்லாமல் விற்றுவிடலாமா?

கூடாது. உங்களுக்குத் தெரிந்த பிறகு நடக்கும் விற்பனையில் மோசடி செய்வது நீங்கள்தான். விற்றே ஆக வேண்டுமென்றால் "ஆண்டு திருத்தியது" என்று எழுதி, அதற்குரிய விலைக்கு விற்கலாம். நாணயத்தை வைத்திருக்கும் அட்டையிலும் அழியாத மையில் எழுதிவையுங்கள், உங்களுக்குப் பிறகு அது யார் கைக்குப் போகும் என்று தெரியாது.

கேள்வி: இதையெல்லாம் படித்தபின் எதைப் பார்த்தாலும் திருத்தியதாகவே தெரிகிறது!

அதுவும் தவறாகப் போகலாம். 1913 லிபர்ட்டி நிக்கல் உலகத்திலேயே ஐந்துதான். அதில் ஒன்று ஜார்ஜ் வால்ட்டன் என்ற சேகரிப்பாளரிடம் இருந்தது. 1962இல் அவர் கார் விபத்தில் இறந்ததும், ஆண்டைத் திருத்தியது என்று சொல்லி ஏல நிறுவனத்தார் நாணயத்தைக் குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்குமேல் அது வீட்டில் கிடந்தது. 2003இல் பால்ட்டிமோரில் மற்ற நான்கு நாணயங்களும் ஒன்றுசேர்ந்தபோது, நிபுணர்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அசல்தான் என்று முடிவு செய்தார்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அசலைத் தேடுங்கள். நாணயம் கிடைக்காவிட்டால் அதே ஆண்டின் நல்ல படங்களாவது வேண்டும்.

கேள்வி: எந்த லென்ஸ் வாங்கலாம்?

பத்து மடங்கு பெருக்கும் கை லென்ஸ் முதலில் போதும். அதைவிடப் பெரிதாக்கினால் ஆரம்பத்தில் சாதாரணக் கைப்பட்ட தடங்கள்கூடப் பயமுறுத்தும். விலை உயர்ந்த நாணயங்கள் வாங்கத் தொடங்கியதும் ஸ்டீரியோ நுண்ணோக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.