பிள்ளை பார்க்கும் வேலையை மனக்கசப்பு இல்லாமல் விடுவது எப்படி?

இரண்டு வருடமாகப் பார்த்த குழந்தையை விட்டு வேறு வீட்டு வேலைக்குப் போகிறீர்கள், எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். இப்படி இரண்டு வீடுகளை விட்டு வந்திருக்கிறேன். முதல் வீட்டை விட்ட விதம் சரியில்லை.

அது ராமநாதபுரத்தில். "பாப்பா தூங்கும்போதே கிளம்பிடுங்க, பார்த்தா அழுவா" என்றார்கள். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் ஒரு வாரம், அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றாளாம். ஒன்றரை வயசுப் பிள்ளை.

இரண்டாவது, மண்டபத்தில் ஓர் அரசுப் பள்ளி டீச்சர் வீடு. அவருக்கு ஒரு வருடப் பிரசவ லீவு முடிந்ததும் பையனைப் பார்க்கப் போனேன். என் மகளுக்குத் தலைப்பிரசவம் என்றதும் வேலையை விட வேண்டியதாயிற்று.

முதலில் அட்வான்ஸை முடியுங்கள். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் வீட்டில் காசு புழங்காது, டீச்சரிடம் முன்பணம் வாங்கித்தான் ஓட்டுவேன். வாங்கிய கடன் நிற்கும்போது "போறேன்" என்றால் எந்தக் காரணமும் காதில் ஏறாது. அதனால் அந்த வருடம் வாங்கவில்லை, சீட்டு எடுத்துச் சமாளித்தேன். தடைக்காலத்தில் வேலையை விடுவது எனக்குக் கஷ்டம்தான். ஆனால் மே மாதம் டீச்சர் வீட்டில் இருப்பார், புது ஆளைப் பழக்க அதைவிட்டால் நேரம் கிடையாது.

ஏப்ரல் சம்பளம் வாங்கின மறுநாள், பையன் தூங்கினதும், அடுப்படியில் வைத்துச் சொன்னேன். போனிலோ பக்கத்து வீட்டார் மூலமாகவோ சொல்லாதீர்கள். "டீச்சர், மே மாசம் முடிய இருக்கேன், அதுக்குள்ள ஆள் பார்ப்போம்." அவர் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "சம்பளம் கூட்டித் தரட்டாக்கா?" என்றார். இது உங்களுக்கும் வரும். கூட்டினால் இருப்பீர்களா என்பதை முந்தின நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே நின்று யோசித்தால் பேரம் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

வேறு வீட்டில் கூடுதல் சம்பளம் என்றால் அதையே சொல்லுங்கள். மாமியாருக்கு முடியவில்லை என்று கதை விட்டால், ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறும் யாராவது ஒருவர் இரண்டே நாளில் அவிழ்த்துவிடுவார்.

புது ஆள் பரமக்குடிப் பக்கம். பையனுக்கு நகரை மீன் இல்லாமல் சோறு இறங்காது, அவருக்கோ அதில் முள் எங்கே ஒளிந்திருக்கும் என்றே தெரியாது. ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் நசுக்கித் தடவிப் பார்த்துவிட்டுப் பிசையச் சொல்லிக் கொடுத்தேன். தடுப்பூசி அட்டை இருக்கும் இடம், காய்ச்சல் மருந்தின் அளவு, தூங்கும்போது அவன் பிடித்துக்கொள்ளும் சேலைத் தலைப்பு, எல்லாம் சொன்னேன். என் பழைய சேலை ஒன்றையும் விட்டுவிட்டு வந்தேன். சாவியை டீச்சர் கையிலேயே கொடுத்தேன்.

பையனிடம் மட்டும் மூன்று நாளைக்கு முன்னால்தான் சொன்னேன். அந்த வயசுக்கு ஒரு மாதக் கணக்குப் புரியாது. "மூணு ராத்திரி தூங்கி எந்திரிச்சா அம்மாச்சி பஸ்ல போயிருவேன், இவங்க சோறு ஊட்டுவாங்க." கடைசி நாள் டீச்சர் அவனை பஸ் ஸ்டாப்புக்கே தூக்கி வந்தார். அழுதான், நானும்தான். ஆனால் நான் பஸ் ஏறியதைப் பார்த்தான், கையாட்டினான். ராத்திரி டீச்சர் போன் செய்து, சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான் என்றார்.