தண்ணீர் ஏறியதைப் பார்த்தார்கள், காரணம்தான் தப்பு!

கேள்வி: 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்காக அறிவியல் வீடியோ எடுக்கிறோம். எரியும் மெழுகுவர்த்தி மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்ததும் தட்டிலுள்ள தண்ணீர் உள்ளே ஏறும் சோதனையைக் காட்டினோம். ரசித்துப் பார்த்தார்கள். ஆனால் ஏன் ஏறியது என்று கேட்டால், "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் எடிட்டிங்கில். சுடர் அணைந்த பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஏறும்; அந்தச் சில விநாடிகள்தான் உங்கள் ஆதாரம். 'இழுவை' என்று பலரும் வெட்டித் தள்ளுவதும் அதைத்தான். ஆக்சிஜன் மாயமாவதில்லை, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகிறது. சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி டம்ளருக்கு வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. நீராவி குளிர்ந்து நீராவதும் கொஞ்சம் கைகொடுக்கும். இந்த வயதுக்கு அதை ஒரு வரியோடு விட்டுவிடலாம்.

ஆகவே தப்பான விளக்கத்தை ஒரு பிள்ளையின் குரலிலேயே முதலில் சொல்ல வையுங்கள். 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரிக் முல்லர் செய்த முனைவர் பட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: தெளிவான விளக்கத்தை மட்டும் பார்த்த மாணவர்களைவிட, தவறான கருத்தையும் அலசிய வீடியோவைப் பார்த்தவர்கள் அதிகம் கற்றார்கள். அவை இயற்பியல் வீடியோக்கள், மாணவர்களும் பெரியவர்கள். ஆனாலும் உத்தி இங்கும் பொருந்தும்.

அடுத்து அந்த விளக்கத்தைச் சோதிக்கும் காட்சி. அதே டம்ளர், அதே தண்ணீர், இம்முறை மூன்று மெழுகுவர்த்திகள். டம்ளரைக் கவிழ்க்குமுன் நிறுத்தி, "இப்போது கூட ஏறுமா, அதே அளவா?" என்று கேட்டு 5 விநாடி மௌனம் விடுங்கள். டம்ளர் மாறவில்லை, ஆக்சிஜனும் கூடவில்லை. ஆனால் சூடு கூடியதால் தண்ணீர் அதிகம் ஏறும். பிறகு நெருப்பே இல்லாமல்: டம்ளரை வெந்நீரில் அலசிக் கொட்டிவிட்டு உடனே தட்டில் கவிழ்த்தால், அது ஆறும்போது தண்ணீர் மெல்ல ஏறும். கொதிநீர் கூடாது, கண்ணாடி விரிசல் விடும்.

படமெடுக்கும்போது தட்டில் 1 செ.மீ. தண்ணீர், 2-3 சொட்டு உணவு நிறம், பின்னால் வெள்ளை அட்டை போதும். கேமராவை ஸ்டாண்டில், தண்ணீர் மட்டத்துக்கு நேராக வையுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் லாக் செய்யாவிட்டால், சுடர் அணையும் அதே நொடியில் படம் குப்பென்று வெளுத்து, ஏறும் தண்ணீர் தெரியாமல் போகும். அந்த இடத்தில் இசை வேண்டாம், பேச்சும் வேண்டாம். திரையில் 'சூடான காற்று', 'குளிர்ந்த காற்று' என்ற இரண்டு லேபிள்கள் போதும். பேசுவதையே எழுத்தாகவும் ஓட்டினால் பிள்ளையின் கண் டம்ளரை விட்டுப் போய்விடும். நெருப்பு வரும் காட்சியில் பெரியவரின் கையே தெரியட்டும்.

வெளியிடுமுன் நான்கைந்து பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீடியோவில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள்: இறுக மூடிய காலி பிளாஸ்டிக் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஏன் ஒடுங்குகிறது? இதற்கும் ஆக்சிஜன் என்று பதில் வந்தால், மூன்று மெழுகுவர்த்திக் காட்சியை இன்னும் நீளமாக விட்டு மறுபடி எடிட் செய்யுங்கள்.