ஃபைவ் நைன், டூ டூ: ஒரு கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம்.

ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு வானொலி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நான் தேர்வு எழுதினேன். வியூ3 என்று தொடங்கும் கால் சைன், அதாவது ஒலிபரப்பில் என் அடையாளப் பெயர், கிடைத்துவிட்டது. வீடு கெலமங்கலத்துக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவே, காட்டோரம். போன சனி, ஞாயிறு நடந்த, உலகெங்கும் முடிந்தவரை பல ஸ்டேஷன்களோடு பேசிப் புள்ளி சேர்க்கும் சிக்யூ வேர்ல்டு வைடு போட்டியில் முதல்முறையாகக் கலந்துகொண்டேன். மனசு கொஞ்சம் கசந்துபோனது. யாரும் ஒரு வணக்கம்கூடச் சொல்வதில்லை. ஓர் ஐரோப்பிய ஸ்டேஷன் பலவீனமாகக் கேட்டது, சிக்னலின் தெளிவையும் வலுவையும் உள்ளபடி 'ஃபோர் ஃபோர்' என்று ரிப்போர்ட் கொடுத்தேன். அவர் இரண்டு முறை திரும்பக் கேட்டு எரிச்சலோடு முடித்துக்கொண்டார். நம் நாட்டு ஸ்டேஷன் ஒன்றைக் கூப்பிட்டால் வேண்டாவெறுப்பாகப் பதில் வந்தது. பாதிப் பேர் சொல்வது பக்கத்துத் தோட்டத்துச் சோலார் வேலி ரேடியோவில் எழுப்பும் சத்தத்தில் காதிலேயே விழவில்லை. ஞாயிறு காலை ஏழரைக்கு 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசைகளில், யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று சிக்யூ கொடுத்துக்கொண்டிருந்தேன். 'இது நாங்கள் தினமும் கூடிப் பேசும் நெட் நடத்தும் இடம், இந்தப் போட்டியால் யாருக்கு என்ன பிரயோஜனம்' என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். ஒருவர் என் மேலேயே விசில் அடித்தார். பேசியவர்களைக் குறித்து வைக்கும் லாகில் சந்தேகமான கால் சைன்களை இணையத்தில் பார்த்துத் திருத்திவிடு என்கிறார் ஒரு நண்பர். வாட்ஸ்அப் குழுவில் ஃப்ரீக்வென்சியைப் போட்டு ஆள் கூப்பிடலாம் என்கிறார் இன்னொருவர். எது முறை என்று எனக்குப் புரியவில்லை.

கெலமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கத்திலிருந்தே தொடங்கலாம். கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், தொகை. எழுதுபவர் சொந்த மாமாவாகவே இருந்தாலும் அங்கே நின்று அவரிடம் குடும்பக் கதை பேசினால் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள். போட்டியில் சிக்யூ கொடுப்பவர் முன்னாலும் அப்படி ஒரு வரிசை நிற்கிறது. என்ன, பேண்டின் குணத்தால் அந்த வரிசையில் பாதிப் பேர் உங்கள் காதில் விழமாட்டார்கள். அவர் உங்கள் ஒருவரிடம் மட்டும் பேசுவதாக உங்களுக்குத் தோன்றும்.

அதனால் போட்டியில் மரியாதை என்பது அடுத்தவர் நேரத்தை வீணாக்காமல் இருப்பது. முழுக் கால் சைனை ஒரே ஒரு முறை, தெளிவாக, விக்டர் யூனிஃபார்ம் என்று சர்வதேச எழுத்துமுறையில் சொல்லுங்கள். கடைசி இரண்டு எழுத்தை மட்டும் சொல்லும் வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. அதை விட்டுவிடுங்கள், மீதியைக் கேட்க அவர் இன்னொரு சுற்று போக வேண்டியிருக்கும். அவர் கால் சைனை நீங்கள் திருப்பிச் சொல்லத் தேவையில்லை, அது அவருக்குத் தெரியும். அவர் பாதி எழுத்தைப் பிடித்து யாரையோ கூப்பிடும்போது அந்த எழுத்து உங்களுடையது இல்லையென்றால் வாயைத் திறக்கக் கூடாது. நம் ஆட்கள் அதிகம் கெட்ட பேர் வாங்குவது இந்த இடத்தில்தான்.

இப்போது அந்த 'ஃபோர் ஃபோர்'. விதிப்படி அதில் குற்றமில்லை. ஆனால் போட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் 59 கொடுப்பது நெடுநாள் வழக்கம். அவர் கம்ப்யூட்டரில் அந்த எண் முன்பே நிரம்பியிருக்கும். அவர் காத்திருப்பது மண்டல எண்ணுக்காக. இந்தப் போட்டியில் உலகத்தை 40 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், நாம் 22. நீங்கள் 'ஃபோர் ஃபோர்' என்றதும் அவர் இல்லாத 44ஆம் மண்டலத்தைத் தேடியிருப்பார், பாவம். அடுத்த முறை 'ஃபைவ் நைன், டூ டூ' என்று மட்டும் சொல்லுங்கள். 'டபுள் டூ' வேண்டாம். ஃபோன் நம்பர் சொல்லிப் பழகிய வாய்க்கு அது தானாக வரும், ஆனால் இரைச்சலுக்கு நடுவே அந்த 'டபுள்' வெளிநாட்டுக்காரர் காதில் என்னவாக விழும் என்று சொல்ல முடியாது. 'ப்ளீஸ் காப்பி'யும் வேண்டாம். காப்பி பண்ணத்தானே அவர் உட்கார்ந்திருக்கிறார்.

நம் நாட்டு ஸ்டேஷனின் வேண்டாவெறுப்புக்குக் காரணம் கணக்கு. இந்தப் போட்டியில் வேறு கண்டத்துத் தொடர்புக்கு 3 புள்ளி. ஆசியாவுக்குள் வேறு நாடு என்றால் 1. சொந்த நாட்டுக்கு 0. ஒவ்வொரு பேண்டிலும் முதல் இந்திய ஸ்டேஷன் மட்டும் நாடு என்ற வகையிலும் மண்டலம் என்ற வகையிலும் மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணைக் கூட்டும். இரண்டாவது இந்தியரால் அவருக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு அவர் முதல் இந்தியராக இருந்திருக்கலாம், அவருக்கு நீங்கள் எத்தனையாவதோ! ஆனாலும் அவர் முகம் சுளித்திருக்கக் கூடாது. உங்களை லாகில் எழுதாமல் விட்டால் சரிபார்க்கும்போது அடி விழுவது உங்களுக்கு. ஏற்கெனவே பேசியவர் மறுபடி கூப்பிட்டாலும் இதே கதைதான். 'முன்பே பேசிவிட்டோம்' என்று விளக்குவதைவிட எண்ணைக் கொடுத்து அனுப்புவது வேகம். இரட்டைப் பதிவுக்குத் தண்டனை கிடையாது. முதல் முறை அவர் உங்கள் கால் சைனைச் சரியாக எழுதாமல் விட்டிருந்தால் இந்த இரண்டாவது பதிவு உங்களையே காப்பாற்றும்.

40 மீட்டர் தகராறுக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. சிக்யூ கொடுக்கும் முன் ஃப்ரீக்வென்சி காலியா என்று கேட்டீர்களா? காது கொடுத்துக் கேட்பது மட்டும் போதாது. ஒரு உரையாடலில் ஒரு முனைதான் உங்களுக்கு எட்டும், மறுமுனை உங்கள் தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும். எட்டும் முனை அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு வெறும் இரைச்சல்தான். 'இஸ் திஸ் ஃப்ரீக்வென்சி இன் யூஸ்?' என்று கேட்டு, கால் சைன் சொல்லி, சில விநாடி விட்டு இன்னொரு முறையும் கேட்க வேண்டும். கேட்காமல் தொடங்கியிருந்தால் தப்பு உங்களுடையது. கேட்டும் யாரும் பதில் சொல்லாமல், நெட் பிறகு வந்திருந்தால் இடம் உங்களுடையது. எந்த ஃப்ரீக்வென்சியும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல, இருபது வருஷ நெட்டுக்கும்தான்.

உரிமை இருக்கட்டும், அந்த இடத்தால் உங்களுக்கு என்ன லாபம் என்று பாருங்கள். 40 மீட்டரில் நமக்கு இருப்பது 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ். ஒரு குரல் சுமார் 3 கிலோஹெர்ட்ஸை அடைக்கும். மோர்ஸுக்கும் டிஜிட்டலுக்கும் விட்டது போக மிஞ்சும் சந்துக்குள்தான் உலகமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. வெயில் ஏறினால் அயனிமண்டலத்தின் அடி அடுக்கு 7 மெகாஹெர்ட்ஸை உறிஞ்சத் தொடங்கும், தூரத்து நாடுகள் ஒவ்வொன்றாக அணையும், சென்னையும் பெங்களூரும் கொச்சியும் மிஞ்சும். நெட்காரர்களுக்கு வேண்டியது அதுதான். உங்களுக்கோ அவர்கள் எல்லாரும் 0 புள்ளி. அக்டோபர் கடைசியில் நம் பக்கம் ஆறேகாலுக்குள் விடிந்துவிடுகிறது, ஏழரைக்கு நீங்கள் 40 மீட்டரில் உட்கார்ந்திருந்ததே தந்திரமாக இல்லை. அந்த நேரத்தில் 21, 28 மெகாஹெர்ட்ஸுக்குப் போய் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் கேட்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் அதே பேண்டுகளில் ஐரோப்பா வரும். இருட்டிய பிறகு 7க்குத் திரும்புங்கள், அப்போது நெட் இருக்காது.

போட்டிக்காரர்களில் சிலர், 'தொந்தரவாக இருந்தால் 18 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள், அங்கே போட்டி கிடையாது' என்று பெரியவர்களுக்கு யோசனை சொல்கிறார்கள். 10, 18, 24 ஆகிய மூன்று பேண்டுகளிலும் போட்டி நடத்துவதில்லை என்பது உண்மைதான். ஆனால் 18இல் பேசினால் தருமபுரியில் இருப்பவர் சொல்வது ஓசூரையும் சேலத்தையும் தாண்டி எங்கோ போய் இறங்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் கூடும் நெட்டுக்கு அது ஆகாது.

பெரியவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் குரல் போட்டி ஆண்டுதோறும் அக்டோபரின் கடைசி முழு வாரக்கடைசியில் வருகிறது, தேதி யாருக்கும் ரகசியமல்ல. அந்த இரண்டு நாள் 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே அறிவித்தால் பாதிச் சண்டை வராது. நீங்கள் சாதாரண நாள் ஒன்றில் அந்த நெட்டில் பேர் கொடுத்துச் செக்-இன் செய்து, அதை நடத்தும் நெட் கன்ட்ரோலரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சத்தம் போட்டவர்களே உங்கள் ஆண்டெனா உயரத்தை விசாரிப்பார்கள்.

விசில் அடித்தவரை மறந்துவிடுங்கள். கால் சைன் சொல்லாமல் ஒலிபரப்புவதும் வேண்டுமென்றே இடையூறு செய்வதும் லைசென்ஸ் விதிக்கே விரோதம். பதில் சொல்லாதீர்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அடிக்கிறார்.

பிரயோஜனம் என்ன என்று கேட்டார்களே. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரில் வியூ4ஆர்பிஐ என்ற கால் சைனில் உலகத்துக்கே அந்தமான் தொடர்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்தது. ஒரே நேரத்தில் பலர் கூப்பிடும் அந்த பைல்-அப்பை நிறுத்திவிட்டு அதே ரேடியோக்களை வைத்துத் தீவுகளின் அவசரச் செய்திகளைக் கடத்தினார்கள். 'அது டிஎக்ஸ்பெடிஷன், அரிதான இடத்துக்குப் போய்த் தொடர்பு கொடுக்கும் பயணம், போட்டியல்ல' என்று நெட் பெரியவர் ஒருவர் திருத்துவார். சரி. ஆனால் இரைச்சலுக்குள் ஒரு பெயரை முதல் தடவையிலேயே சரியாக எழுதிக்கொள்ளும் காது இரண்டுக்கும் ஒன்றுதான்.

காது என்றதும் உங்கள் வேலி நினைவுக்கு வருகிறது. யானைக்கும் பன்றிக்கும் போட்ட சோலார் வேலி விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் 'டிக், டிக்' என்று அடிக்கும். இந்த மாதிரித் துடிப்புக்கு உங்கள் ரேடியோவில் உள்ள நாய்ஸ் பிளாங்கர் என்ற இரைச்சல் அடக்கி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் போட்டி நெரிசலில் அதை முழுவதும் திருகினால் பக்கத்து வலுவான ஸ்டேஷன்கள் எல்லாம் கலங்கிக் கேட்கும், அளவோடு வையுங்கள். அதைவிட நல்ல வைத்தியம், தோட்டக்காரரிடம் போய்க் கம்பியில் உரசும் புல்லையும் கொடியையும் வெட்டச் சொல்வது. பொறி பறப்பது குறையும், அவருக்கும் வேலி வலுவாக அடிக்கும். இரண்டு பேருக்கும் லாபம் என்றால் அவர் கேட்பார். அதற்குள் ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். வாய் பெரிதாகவும் காது சிறிதாகவும் உள்ள ஸ்டேஷனை ஹாம்கள் முதலை என்பார்கள். ஒகேனக்கல் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்காத ஸ்டேஷனைக் கூப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

லாகைத் திருத்தச் சொன்ன நண்பர் உங்களுக்குக் கெடுதல் சொல்கிறார். போட்டி முடிந்த பிறகு எந்தத் தரவுத்தளத்தையோ ஒலிப்பதிவையோ வைத்துக் கால் சைனைத் திருத்தக் கூடாது என்று இந்தப் போட்டியின் விதியே சொல்கிறது. தப்பாக எழுதிய கால் சைனுக்கு அந்தத் தொடர்பும் போய், அதன் புள்ளியைப் போல இரண்டு மடங்கும் கழியும். கழியட்டும், காதுக்கு வந்த மார்க் அது. வாட்ஸ்அப்பும் கூடாது. தொடர்பு கேட்பதும் கொடுப்பதும் போட்டி நேரத்தில் போட்டியின் ஃப்ரீக்வென்சியில்தான் நடக்க வேண்டும். 'இந்த வாரம் நானும் வருகிறேன்' என்று முன்பே சொல்லி வைப்பதில் தவறில்லை. 'இப்போது 14இல் இங்கே இருக்கிறேன், வா' என்பது தவறு.

கடைசியாக ஒன்று. நீங்கள் லாக் அனுப்பியதாக எழுதவில்லை. எண்ணிக்கை குறைவு என்று தயங்காதீர்கள். உங்களிடம் பேசியவர்களின் லாகைச் சரிபார்க்க உங்கள் லாக் வேண்டும். போட்டி நம் நேரப்படி திங்கள் காலை ஐந்தரைக்கு முடிந்தது, அதிலிருந்து 5 நாள் அவகாசம். வெள்ளி இரவு என்று நினைத்துக்கொள்ளுங்கள், சனி விடிந்தால் கதவு சாத்திவிடுவார்கள். நவம்பர் கடைசி வாரத்தில் மோர்ஸ் போட்டி வருகிறது. அதில் நீங்கள் வெறுமனே கேட்டால்கூடப் போதும்.

73 (ஹாம் மொழியில் அன்பு வணக்கம்).