மைனஸ் 6 பவர், கார்னியா 480 மைக்ரான்: லேசிக், ஸ்மைல், பிஆர்கே, எது சரி?

உங்களுக்கு வயது 24, இரண்டு கண்ணிலும் மைனஸ் 6, கார்னியாவின் (கண்ணின் முன்னால் இருக்கும் ஒளிபுகும் படலம்) தடிமன் 480 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை கேட்டபோது, மூன்று இடங்களில் மூன்று முறைகளைச் சொன்னதால் குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறீர்கள். மெஷின் பெயரை ஒதுக்கிவிட்டு முதலில் கணக்கைப் போடுங்கள்.

லேசர் படும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கமாக்கி, மூன்றால் வகுத்தால் ஒரு பவருக்குச் செதுக்க வேண்டிய ஆழம் மைக்ரானில் கிடைக்கும். 6.5 மி.மீ. வட்டத்துக்கு அது 14 மைக்ரான். மைனஸ் 6-க்கு 84. மெஷினுக்கு மெஷின் சற்று மாறும், ஆனால் உத்தேசம் இதுதான்.

லேசிக்கில் இதற்கு முன் கார்னியாவின் மேல்பகுதியை 110 மைக்ரான் அளவில் மூடிபோல வெட்டித் திறக்கிறார்கள். அந்த மூடி பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டாலும் மறுபடி முன்போலத் தாங்குபலம் தராது. 480-இல் 110-உம் 84-உம் போனால் மிச்சம் 286. குறைந்தது 250 இருக்க வேண்டும் என்ற பழைய விதிப்படி இது தேறிவிடும். ஆனால் 194 மைக்ரான் என்பது மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்த எல்லைக்கு மேல் போனால், சில வருடங்களில் கார்னியா பலவீனமாகி முன்னால் துருத்தும் எக்டேசியா வரும் அபாயம் கூடுகிறது. வட்டத்தை 6 மி.மீ. ஆக்கி 12 மைக்ரான் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் இருட்டில் கண்ணின் பாப்பா (நடுவிலிருக்கும் கருந்துளை) வட்டத்தைவிடப் பெரிதாக விரிந்தால், எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரியும்.

ஸ்மைலில் மூடி கிடையாது. கார்னியாவுக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை ஃபெம்டோசெகண்ட் என்ற மிகக் குறுகிய துடிப்பு லேசரால் அறுத்து, 2 முதல் 4 மி.மீ. துளை வழியாக உருவி எடுக்கிறார்கள். நரம்புகள் குறைவாக வெட்டுப்படுவதால் கண் உலர்வு லேசிக்கைவிடக் குறைவு. ஆனால் வில்லை கிழியாமல் வர ஓரத்தில் 10, 15 மைக்ரான் கூடுதல் தடிமன் வைக்க வேண்டியிருப்பதால், திசு சற்று அதிகமாகவே போகும். உங்கள் தடிமனுக்கு அது சாதகமில்லை.

பிஆர்கேயில் சுமார் 50 மைக்ரான் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குகிறார்கள். 480-இல் 134 போக 346 மிச்சம், மேல்தோலும் தானாக வளர்ந்துவிடும். விலை வலிதான்: முதல் மூன்று நாள் எரிச்சலும் கண்ணீரும் நிச்சயம், பார்வை தெளியச் சில வாரங்கள் ஆகும். உங்கள் பவர் அளவுக்குத் தழும்பு மங்கல் வராமலிருக்க மைட்டோமைசின் என்ற மருந்தை 0.02 சதவீத அளவில் சில விநாடிகள் வைப்பார்கள். பிறகு போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் கண் அழுத்தம் ஏறலாம், ஆகவே மறுபரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இந்த மூன்றில் என் தேர்வு பிஆர்கே. அதுவும் கார்னியாவின் வடிவம் நன்றாக இருந்தால் மட்டுமே. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் காட்டும் டோபோகிராஃபி என்ற வரைபடப் பரிசோதனையில் கெரடோகோனஸ் (கார்னியா மெலிந்து கூம்புபோலத் துருத்தும் நோய்) சாயல் இருந்தால், தடிமன் எத்தனை இருந்தாலும் லேசர் வேண்டாம். கார்னியாவைச் செதுக்காமல் கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸைப் பற்றிக் கேளுங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன் மென்மையான கான்டாக்ட் லென்ஸை இரண்டு வாரமாவது நிறுத்துங்கள், கடினமான லென்ஸ் என்றால் இன்னும் அதிகம். இல்லையென்றால் அளவே தப்பாக வரும். பவர் ஒரு வருடமாக மாறாமல் இருப்பதும் அவசியம்.

லேசிக்கிலும் பிஆர்கேயிலும் செதுக்கும் எக்ஸைமர் லேசரின் 193 நானோமீட்டர் கதிர் சுற்றுத் திசுவைச் சுடாமல் செதுக்கும் என்று 1981-இல் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். கதிரின் துல்லியத்தில் குறையில்லை. தப்பு நடப்பது பெரும்பாலும் யாருக்குச் செய்வது என்று முடிவெடுப்பதில்.

பவர் போனாலும் விழித்திரை மைனஸ் 6 கண்ணின் விழித்திரையேதான், வருடம் ஒருமுறை காட்டுங்கள். நாற்பதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி வரும். ஆபரேஷனுக்கு முந்தைய ரிப்போர்ட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, அந்த எண்கள் இருந்தால் பவர் கணக்கிடுவது எளிது.