வாக்கிங் முடிந்த கையோடு பிரஷர் பார்க்கலாமா?

கேள்வி: வயது 56. மூன்று வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் காலையில் பூங்காவில் 40 நிமிடம் வேகமாக நடப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை பூங்கா வாசலில் இலவச முகாம் போட்டிருந்தார்கள். நடந்து முடித்து நேராகப் போய்ப் பார்த்தால் 164/92. ‘இதயத்தில் அடைப்பு இருக்கலாம்’ என்று சொல்லி, 4,500 ரூபாய் பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நடையை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்தும் துடிப்பு 10தான் குறைந்திருப்பதாகக் கைக்கடிகாரம் காட்டுகிறது. சட்டென்று நின்றால் தலையும் சுற்றுகிறது. வாக்கிங்கை விட்டுவிடலாமா?

பதில்: வாக்கிங்கை விட வேண்டாம். அந்தச் சீட்டைத் தூக்கிப் போடுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. வேகமாக நடக்கும்போது கால் தசைகள் ரத்தம் கேட்கும், இதயம் இரண்டு மூன்று மடங்கு வேலை செய்யும், பிரஷரின் மேல் அளவு (164/92இல் அந்த 164) ஏறத்தான் செய்யும். 160 எல்லாம் அப்போது சாதாரணம். டிரெட்மில் சோதனையில் 180, 190 என்று போவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அங்கே பிரஷர் ஏறாமல் அப்படியே நின்றாலோ இறங்கினாலோதான் எங்களுக்குக் கவலை.

நடையை நிறுத்தியதும் முதல் நிமிடத்திலேயே வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்கு பிரேக் போட, துடிப்பு குறையத் தொடங்கும். பிரஷர் கொஞ்சம் மெதுவாக இறங்கும். ஐந்து பத்து நிமிடத்தில் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதோடு முடியவில்லை. அடுத்த சில மணி நேரத்துக்குப் பழைய அளவை விடவும் கொஞ்சம் கீழே இருக்கும், பிரஷர் உள்ளவர்களுக்கு 5 முதல் 8 வரைகூடக் குறையலாம். வாக்கிங் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 7 மணிக்கு 164 காட்டிய அதே கை, முக்கால் மணி நேரம் கழித்து 130 காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இது அந்த முகாம்காரர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் பூங்கா வாசலில், நடந்து வெளியே வருகிற வழியில், மேஜை போடுகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த மறு நொடி, வியர்த்த சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, மூச்சு வாங்கிக்கொண்டே பேசுகிற ஆளுக்குப் பிரஷர் பார்த்தால் யாருக்குத்தான் ஏறியிருக்காது? சீட்டின் மூலையில் ஒரு நம்பரோ ஒரு கையெழுத்தோ இருக்கும், கவனித்துப் பாருங்கள். நீங்கள் போய்ப் பணம் கட்டினால் அனுப்பியவருக்குக் கமிஷன் போக வேண்டுமே, அதற்கான அடையாளம் அது. என்னிடமே இப்படிப்பட்ட சீட்டோடு மாதத்துக்கு நாலு பேர் வருகிறார்கள், பாதிப் பேர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு.

அடுத்தது கைக்கடிகாரம். முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாகத் துடிப்பு இறங்கினால் கவனிக்க வேண்டும் என்ற கணக்கு 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது டிரெட்மில்லில் முடிந்த மட்டும் ஓடவைத்து, பிறகு மெதுவாக நடக்கவிட்டுப் பார்த்த அளவு. பூங்காவில் நடந்து, சும்மா 105 வரை மட்டும் ஏறியிருந்தால் துடிப்பு எவ்வளவுதான் இறங்கும்?

அதைவிட முக்கியம் உங்கள் மாத்திரை. பெயரைக் கேள்வியில் எழுதவே இல்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள், முன்னால் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை அல்ல. அட்டெனலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் என்று ‘லால்’ என்று முடிகிறதா? அப்படியென்றால் அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை அடக்கி வைப்பதுதான். ஏறுவதும் கம்மி, அதனால் இறங்குவதும் கம்மியாகத் தெரியும், அந்தப் பத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து சேர்ந்தும் வரும், டெல்மிசார்டன் (இது வேறு வகைப் பிரஷர் மருந்து) என்று படித்ததும் நிறுத்திவிடாமல் இரண்டாவது வரியையும் பாருங்கள். இதைப் படித்துவிட்டு ‘லால்’ மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. திடீரென்று விட்டால் துடிப்பும் பிரஷரும் எகிறி, நெஞ்சு வலியில் கொண்டுபோய் விடலாம்.

தலைசுற்றலுக்கு வருவோம். நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், மூளைக்குப் போவது குறையும். கடைசி ஐந்து பத்து நிமிடம் வேகத்தைக் குறைத்து நடந்து முடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் சுடச்சுட வெந்நீரில் குளிக்காதீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள். இத்தனைக்குப் பிறகும் சுற்றினால் மாத்திரையின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் என்று எது வந்தாலும் இந்தப் பதிலை மறந்துவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

பிரஷரை வீட்டிலேயே பாருங்கள், மேல் கையில் கட்டும் மெஷின் போதும். நடந்து, காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பு, அப்புறம் மாலையில், இப்படி ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். 135/85க்குக் கீழே இருந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். ஓ.பி.யில் இந்த ஐந்து நிமிடம் உங்களுக்குக் கிடைக்காது. வெளியே நூறு பேர் நிற்க, நர்ஸம்மா ஒருவரே பட்டையைச் சுற்றி, அளவு எழுதி, அடுத்தவரையும் கூப்பிட வேண்டும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உட்கார ஒரு பெஞ்ச் போடச் சொல்லி நானும் எத்தனையோ கூட்டத்தில் பேசிப் பார்த்துவிட்டேன்.

அந்த ஏழு நாள் கணக்கையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். டிரெட்மில் சோதனையோ எக்கோவோ (இதயத்தின் ஸ்கேன்) தேவையா என்று அவர் சொல்லட்டும். தேவை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள், 4,500 ரூபாய்க்கு அவசரமில்லை.