நடிப்புக் கனவும் ஆட்டத் தொழிலும்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலையிலிருந்து வந்த கடிதங்கள் பல ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. நடிக்க ஆசைப்பட்டு, வாய்ப்பு வராமல், இரவு விடுதியிலோ வெளிநாட்டு மேடையிலோ கவர்ச்சி நடனம் ஆடப் போகும் பெண்கள் பற்றியவை அவை. எனவே இந்த இதழின் பகுதி முழுவதும் அவர்களுக்கே. எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: ஒடிஷன், ஒடிஷன் என்று கொழும்புக்கு இரவு ரயில் ஏறியே களைத்துவிட்டேன். தொலைக்காட்சி நாடகம் இரண்டில் தலையைக் காட்டியதோடு சரி. இப்போது ஒரு முகவர், துபாயில் ‘கலாசார நடனக் கலைஞர்’ வேலை, மாதம் 4 லட்சம் ரூபா என்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாமாம். நம்பலாமா? (உப்புவெளி வாசகி)

விசிட் விசா என்றால் போகாதீர்கள், தங்கச்சி. காரணத்தை விரிவாகவே சொல்கிறோம். முகவரின் பேச்சில் பாதி உண்மையாக இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வளைகுடா நகரங்களில் தெற்காசிய வாடிக்கையாளர்களுக்கென்றே மதுவிடுதிகள் இருக்கின்றன. மேடையில் பெண்கள் வரிசையாக நின்று சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். பிடித்த பெண்ணுக்கு வாடிக்கையாளர் மாலையோ கிரீடமோ வாங்கி அணிவிப்பார். அந்த மாலையின் விலைதான் விடுதியின் வருமானம், ஆடுபவருக்கு அதில் ஒரு பங்கு. இதுவரை தொழில். சிக்கல் தொடங்குவது ‘டார்கெட்’ என்ற இடத்தில். மாதம் இத்தனை மாலை வரவேண்டும் என்று கணக்கு வைப்பார்கள். வராவிட்டால் சம்பளம் வெட்டுப்படும். பிறகு வாடிக்கையாளருடன் பகலில் தொலைபேசியில் பேசச் சொல்வார்கள், வெளியே போகச் சொல்வார்கள்.

மறுக்க முடியாதபடி கட்டிப்போடுவது கடன். விமானச் சீட்டு, விசாச் செலவு, உடுப்பு, அறை வாடகை எல்லாம் உங்கள் பெயரில் எழுதப்படும். ஊரில் அம்மாவின் கையில் கொடுத்த முற்பணமும் அதில் சேரும். முதல் மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்க்கும்போது நீங்கள்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியவராக இருப்பீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம் என்பதால் பொலிசில் முறையிடவும் பயமாக இருக்கும். முகவருக்கு வேண்டியது அந்தப் பயம்தான். விசிட் விசாவில் அமீரகம் போன இலங்கைப் பெண்கள் அங்கிருந்து ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு விற்கப்பட்ட செய்தி 2022 நவம்பரில் வெளிவந்தது நினைவிருக்கும். அவர்களுக்குச் சொல்லப்பட்டது வேறு வேலை, ஆனால் வழி இதே வழி.

அப்படியும் வெளிநாட்டு மேடைக்குப் போவது என்று முடிவெடுத்தால், முதலில் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேளுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் ஆள் அனுப்ப முடியாது. இலக்கம் கிடைத்ததும் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அது நடைமுறையில் உள்ளதா, அந்த நாட்டுக்கு அந்தத் தொழிலுக்கு ஆள் எடுக்க அனுமதி பெறப்பட்டுள்ளதா என்று இரண்டையும் விசாரியுங்கள். முதலாவதை மட்டும் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. அனுமதிப்பத்திரம் உண்மையாக இருக்கும், ஆனால் வேலை அதில் இருக்காது.

ஒப்பந்தம் கைக்கு வந்தால் இவற்றைத் தேடிப் பாருங்கள்: மாலைக் கணக்கு எப்படி இருந்தாலும் கிடைக்கும் அடிப்படைச் சம்பளம், ஒரு நாளில் ஆட வேண்டிய மணித்தியாலம், வார விடுமுறை, தங்குமிடத்தின் சாவி யாரிடம், திரும்பிவரும் சீட்டு யார் செலவில், இடையில் விட்டுவந்தால் கட்ட வேண்டிய தொகை. கடைசி விடயத்தில் தொகை எழுதாமல் ‘ஏற்பட்ட செலவு அனைத்தும்’ என்றிருந்தால் கையெழுத்து வைக்க வேண்டாம். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்திருக்க அமீரகச் சட்டத்திலும் இடமில்லை. அதன் முதற்பக்கத்தையும் விசாவையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அபுதாபியிலுள்ள தூதரகம், துபாயிலுள்ள துணைத் தூதரகம் இரண்டின் இலக்கங்களையும் தாளில் எழுதி உடுப்புக்குள் வையுங்கள், ஏனெனில் முதலில் பறிபோவது தொலைபேசி. வீட்டாருடன் ஒரு சாதாரண வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். “பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தாயா?” என்று நீங்கள் கேட்டால் உதவி தேவை என்று அவர்களுக்கு விளங்க வேண்டும்.

ஆட்கடத்தலுக்கு 2006இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி 2 முதல் 20 ஆண்டு வரை சிறை உண்டு. அந்த முகவரின் குரல்பதிவுகளையும் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: கொழும்பில் ஒரு இரவு விடுதியில் கம்ப நடனத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். நான் பரதம் பயின்றவள். வீட்டிலேயே கம்பம் பூட்டிப் பழகலாமா? (நிலாவெளி)

பரதத்தில் வந்த தாளமும் இடுப்புக் கட்டும் கைகொடுக்கும். அரைமண்டி இருந்து பழகிய தொடைக்கும் பலம் உண்டு. ஆனால் தோள், முன்கை, விரல் பிடி மூன்றுக்கும் பரதம் அவ்வளவாக வேலை கொடுப்பதில்லை. கம்பத்தில் முழு உடம்பின் பாரமும் அங்கேதான் இறங்கும்.

முதலில் கூரையைப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் வீட்டுக் கம்பங்கள் பெரும்பாலும் தரைக்கும் கூரைக்கும் இடையே முறுக்கி இறுக்கப்படுபவை. மேலே கொங்கிரீட் தட்டோ உறுதியான உத்திரமோ இருந்தால்தான் அவை நிற்கும். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஓடு அல்லது சீற், அதற்குக் கீழே ஜிப்சம் தட்டி. அந்தத் தட்டியில் முட்டுக்கொடுத்தால், பார்வைக்கு இறுகியது போலத் தெரிந்து, முதல் சுழற்சியிலேயே பெயர்ந்து வரும். கொங்கிரீட் இல்லையென்றால், கனமான வட்டத் தளத்தோடு வரும் தனிநிலைக் கம்பம் மட்டுமே பாதுகாப்பு. சுற்றிலும் எல்லாப் பக்கமும் கால் நீட்டும் தூரம் வெற்றிடமாக இருக்க வேண்டும்.

விட்டம் 45 மில்லிமீற்றர் என்பதே பொதுவான அளவு. உலோகம் பித்தளையானால் நல்லது. ஈரப்பதமான காற்றில் குரோமையும் துருப்பிடிக்கா உருக்கையும் விட அது நன்றாகப் பிடிக்கும். கடற்காற்றில் கறுக்கும்தான், துடைத்தால் போதும். பழகும் நாளில் உடம்பில் தேங்காயெண்ணெயோ கிறீமோ பூசக்கூடாது. முதல்நாள் பூசியதும்கூட வியர்வையோடு வெளியே வரும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அப்படியும் வழுக்கினால் திரவச் சோக்குத் தடவலாம். கம்பத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகே தொடுங்கள், பக்கத்தில் விளக்கோ நெருப்போ இருக்கக்கூடாது.

ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கூடுதலாக. வாரத்தில் 3 நாள் போதும், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. வலது கைக்குச் செய்ததை இடது கைக்கும் செய்யுங்கள். ஒரே பக்கம் பழகியவர்களுக்குத்தான் தோள் முதலில் போகிறது. தலைகீழாகத் தொங்குவதைத் தனியே பழகவே வேண்டாம். பக்கத்தில் தாங்க ஒருவரும், கீழே 10 சென்றிமீற்றர் மெத்தையும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. தொடையில் வரும் கண்டல் வழமை. விரல் மரத்துப் போவது வழமையல்ல, அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

விடுதி மேடையில் ஏறும் முன் நீங்களே ஒருமுறை கம்பத்தைப் பிடித்துத் தொங்கிப் பாருங்கள். பல கம்பங்களில் சுழலும் நிலை, நிலையான நிலை என இரண்டு உண்டு. முன்பு ஆடியவர் எதில் விட்டுப்போனார் என்று தெரியாமல் தாவினால் விழுவது நிச்சயம். உயரக் குதிச் சப்பாத்துக் கேட்டால், கணுக்காலைக் கட்டும் வார் உள்ளதாக வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு நடந்து பழகிய பின்னர்தான் ஆட்டம். விபத்து நடந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்று விடுதிக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் செலவு உங்களுடையதுதான்.

கேள்வி: என் தங்கச்சி கனடாவில் மாணவர் விசாவில் இருக்கிறாள். நடிப்புப் படிப்பு. பணம் போதாமல் ரொறொன்ரோவில் ‘ஸ்ட்ரிப் கிளப்’ ஒன்றில் ஆடப் போகிறேன் என்கிறாள். மாணவர்கள் பகுதிநேரம் வேலை செய்யலாம்தானே? (ஓர்ஸ் ஹில்)

மற்ற வேலை செய்யலாம், இது கூடாது. கவர்ச்சி நடனம், எஸ்கோர்ட் (பணத்துக்குத் துணையாகப் போவது), பாலியல் மசாஜ் ஆகியவற்றை வழமையாக வழங்கும் இடத்தில் தற்காலிக வதிவிடத்தில் உள்ள எவரும் வேலை செய்யக் கனடாவின் குடிவரவு விதி தடை போட்டிருக்கிறது. 2012இல் அந்நாட்டு அரசு இத்தொழிலுக்கு வெளிநாட்டவரை எடுக்கும் வழியை மூடியது. திறந்த வேலை அனுமதி (ஒரே முதலாளியோடு கட்டுப்படாத அனுமதி) உள்ளவர்களுக்கும் இதே நிபந்தனைதான். அந்த இடத்தில் கோப்பை கழுவினாலும் தடை தடைதான், ஏனெனில் விதி பார்ப்பது முதலாளியின் தொழிலை. நிரந்தர வதிவிடம் கிடைத்தவருக்கும் குடியுரிமை பெற்றவருக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் உங்கள் தங்கச்சி பிடிபட்டால் விசாவும் போகும், படிப்பும் போகும். அவளைத் திட்டாமல் இந்த விதியை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள், அக்கா. பணம் போதாமல் நிற்கிற பிள்ளைக்கு வசை கேட்டு என்ன ஆகப் போகிறது?

கேள்வி: அமெரிக்காவில் நடிகையாகப் போய் இப்படி ஆடுபவர்களுக்குச் சங்கம் இருக்கிறதாமே, உண்மையா? (கிண்ணியா)

உண்மை. லொஸ் ஏஞ்சலிசின் வடக்கு ஹொலிவூட்டில் ‘ஸ்டார் கார்டன்’ என்ற விடுதியின் ஆட்டக்காரிகள் 2023 மே மாதம் ‘அக்டர்ஸ் ஈக்விட்டி’ சங்கத்தில் இணைந்தார்கள். அது நாடக நடிகர்களின் சங்கம். அதற்கும் முன்னர், 1990களில், சான் பிரான்சிஸ்கோவின் ‘லஸ்டி லேடி’ விடுதியில் ஆடியவர்கள் சங்கம் அமைத்தார்கள். மேடையில் ஆடுவதும் நடிப்புத் தொழிலின் உறவு என்று ஒரு நடிகர் சங்கமே ஏற்றுக்கொண்டது எங்களுக்கு மகிழ்ச்சி தந்த செய்தி.

அங்கே சங்கம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. பல விடுதிகளில் ஆடுபவருக்குச் சம்பளமே இல்லை. உள்ளே வர ‘ஹவுஸ் ஃபீ’ என்று விடுதிக்கு அவரே பணம் கட்டுவார். கிடைக்கும் டிப்சில் டீஜேக்கும் காவலாளிக்கும் பங்கு போகும். கூட்டமில்லாத இரவில் கையில் இருந்ததும் கரையும். ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்’ என்று எழுதிவிட்டு, நேரத்தையும் உடுப்பையும் பாட்டையும் விடுதியே தீர்மானிப்பது அங்கே பல வழக்குகளுக்கு வித்திட்டது.

கேள்வி: இணையத்தில் அறிமுகமான ‘இயக்குநர்’ ஒருவர், கவர்ச்சி நடனப் பாத்திரம் என்று சொல்லி வீடியோ அழைப்பில் உள்ளாடையோடு ஆடிக் காட்டச் சொன்னார். ஆடிவிட்டேன். இப்போது அதை வெளியிடுவேன், பணம் அனுப்பு என்கிறார். (திருகோணமலை நகர்)

பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை அனுப்பினால் இரண்டாம் முறையும் கேட்பார். மிரட்டல் செய்திகள், அவரது கணக்கின் முகவரி, கேட்ட தொகை, வங்கி இலக்கம் எல்லாவற்றையும் திகதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். அதற்குப் பிறகே அவரைத் தடுங்கள். முதலிலேயே தடுத்தால் சில செயலிகளில் சான்று மறைந்துவிடும். 18 வயது தாண்டியவராயின் ‘ஸ்டொப் என்சிஐஐ’ என்ற இலவச இணையத்தளம் உதவும். படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியேறாது. அதன் எண்முத்திரை (கோப்பை அடையாளம் காட்டும் எண்தொடர்) மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்ற தளங்களுக்குப் போகும். அதே கோப்பு அங்கே ஏற்றப்பட்டால் பிடிபடும். அந்த வீடியோ உங்களிடம் இல்லையென்றால், அவர் மிரட்ட அனுப்பிய துண்டையே பயன்படுத்தலாம்.

முறைப்பாட்டுக்குப் பொலிசின் சிறுவர், மகளிர் பணியகத்துக்கு நம்பிக்கையான ஒருவரோடு போங்கள். பெண்கள் உதவி இலக்கம் 1938. பாலியல் தொல்லைக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. குற்றம் செய்தவர் அவர், நீங்கள் இல்லை.

நடிக்க ஆசையுள்ள மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். முதற்கட்டத் தேர்வுக்கு ஒரு நிமிட நடிப்புக் காட்சியும், ஒப்பனை குறைந்த முகப்படமும், முழு உருவப் படமும் போதும். நடனப் பாத்திரமானால் பயிற்சி உடையில் ஆடிய துண்டு போதும். பதிவுக் கட்டணம் கேட்பவரிடம் படம் இல்லை, உங்கள் பணத்தில்தான் கண்.

கேள்வி: மகள் கொழும்பில் இரவு விடுதியில் ஆடுகிறாள் என்று இப்போதுதான் தெரியும். ஊருக்கு என்ன சொல்வது? (மூதூர் அம்மா ஒருவர்)

ஊருக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அம்மா. மகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இரவில் எப்படி அறைக்குத் திரும்புகிறாய், சம்பளம் யார் கையால் வருகிறது, வேண்டாம் என்றால் விட்டுவர முடியுமா. மூன்றாவதற்கு அவள் தயங்கினால் உடனே போய்க் கூட்டி வாருங்கள்.

கேள்வி: சீசனில் உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் வாரத்துக்கு 5 இரவு ஆடுகிறேன். சேமலாப நிதி எனக்கும் உண்டா? (அலஸ் தோட்டம்)

ஹோட்டல் உங்கள் நேரத்தைத் தீர்மானித்து, மாதச் சம்பளம் தந்தால் நீங்கள் ஊழியர். தற்காலிகமானாலும் முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதம். மாறாக, ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி, பல ஹோட்டல்களில் நீங்களே நேரம் ஒதுக்கி ஆடினால் இது பொருந்துவது கடினம். அப்போது கட்டணத்தைச் சற்றுக் கூட்டிப் பேசுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள்.

நம் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரைதான். வாடைக்காற்று தொடங்கினால் மேடை காலி. ஆகவே சம்பளச் சீட்டு, வட்ஸ்அப்பில் வந்த நேர அட்டவணை, வங்கி வரவு மூன்றையும் மாதாமாதம் சேர்த்து வையுங்கள். நிதி கட்டப்படவில்லை என்றால் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.